மாரிக்கு முன் வீட்டை ஒருதரம் சுற்றிப் பாருங்கள்



வெள்ளம் வருமுன் அணை கட்ட வேண்டும் என்று எமது முன்னோர் சொல்லி வைத்தார்கள். வன்னியில் வாழும் எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஐப்பசியில் தொடங்கும் மாரி மார்கழி வரை விடாது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் பெரும் பகுதி இந்த மூன்று மாதங்களில்தான் கொட்டுகிறது. புதுக்குடியிருப்புப் பக்கத்தில் அந்த நாட்களில் கடல் கொந்தளிக்கும், மேசன் வேலை நிற்கும், கூலி வேலையும் குறையும். கையில் காசு இல்லாத அந்த நேரத்தில்தான் கூரை ஒழுகத் தொடங்கும். அவசரத்துக்குக் கடன் எடுப்போம். மாரி போய்விடும், கடன் நிற்கும்.

அந்தக் கடன் எங்கள் வாசலுக்கு வராமல் தடுப்பது எப்படி என்பதையே இம்முறை பார்க்கப் போகிறோம்.

இந்த வீடுகள் வந்த வழி

2009 இல் உடுத்த உடுப்போடு வெளியேறிய குடும்பங்கள் எங்களுடையவை. 2012 செப்டெம்பரில் மனிக்பாம் முகாம் மூடப்பட்டபோது கடைசியாக வெளியேறியவர்களில் மந்துவில், கேப்பாப்புலவு மக்களும் இருந்தார்கள். தறப்பாள் கொட்டில், பிறகு தகரக் கொட்டில், அதன் பிறகுதான் கல்வீடு. இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கட்டம் கட்டமாக வங்கிக் கணக்கில் போடப்பட்டது. பயனாளியே முன்னின்று கட்டுவிக்க வேண்டும். கணவனை இழந்த, கணவனைத் தேடிக்கொண்டிருந்த பெண்கள் கல்லும் மண்ணும் சுமந்து, மேசனோடு பேரம் பேசிக் கட்டி முடித்த வீடுகள் இவை. போதாத காசுக்கு நகையை அடகு வைத்தவர்களும் உண்டு.

அந்த வீடுகளில் பலவற்றுக்கு இப்போது பத்து வயது கடந்துவிட்டது. ஓடு கீறுவதும், பூச்சு வெடிப்பதும், மரத்தில் கறையான் ஏறுவதும் இந்த வயதில்தான் தொடங்கும். இப்போது கவனித்தால் சின்ன வேலை. விட்டால் பெரிய வேலை.

பெரிய வேலைக்கு இன்று என்ன செலவாகும் என்பது உங்களுக்கே தெரியும். 2021 இன் நடுப்பகுதியில் ஆயிரம் ரூபாவை ஒட்டி நின்ற 50 கிலோ சீமெந்துப் பை, 2022 இல் மூவாயிரத்தைத் தாண்டியது. பிறகு இறங்கினாலும் பழைய விலைக்குத் திரும்பவில்லை. வாராந்தக் கடனின் சுமையும் நாங்கள் அறிந்ததுதான். வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை நீக்குவதாக 2018 இல் அரசாங்கமே அறிவிக்கும் அளவுக்கு அது முற்றியிருந்தது.

ஓர் ஓட்டின் கணக்கு

விலைகள் மாறிக்கொண்டே இருப்பதால் நாட்கூலியை அளவாக வைத்துக் கணக்குப் பார்ப்போம்.

ஓர் ஓடு கீறியிருக்கிறது. அதை மாற்றுவது அரைமணி நேர வேலை. மாற்றாமல் விட்டால் அந்தக் கீறலால் இறங்கும் தண்ணீர் சிலாகையை நனைக்கும். ஒரு மாரி முழுவதும் நனைந்த சிலாகை உக்கும். உக்கிய மரத்தைக் கறையான் தேடி வரும். சிலாகையிலிருந்து கைமரத்துக்கு ஏறும். அந்த இடத்தில் கூரை பதியும், பக்கத்து ஓடுகளும் விலகும். இனி ஓடு இறக்க வேண்டும், மரம் வாங்க வேண்டும், தச்சருக்கும் உதவி ஆளுக்கும் இரண்டு மூன்று நாட்கூலி கொடுக்க வேண்டும். அரைமணி நேர வேலையை இரண்டு மாரி தள்ளிப்போட்டதற்கு ஒரு கிழமை உழைப்பு போய்விடுகிறது.

வீட்டில் ஏறக்குறைய எல்லாப் பழுதும் இப்படித்தான் வளர்கிறது.

எங்கே, எதைப் பார்ப்பது?

கூரை: நல்ல வெயில் அடிக்கும் மத்தியானத்தில் கதவு யன்னலைச் சாத்திவிட்டு உள்ளே நின்று மேலே பாருங்கள். வெளிச்சம் புள்ளியாகத் தெரியும் இடமெல்லாம் ஓட்டையோ விலகிய ஓடோதான். அதற்கு நேர் கீழே சுவரில் வெண்கட்டியால் அடையாளம் போட்டு வையுங்கள். முகட்டு ஓட்டுக்குப் பூசிய சாந்து வெடித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எங்கள் பகுதியில் குரங்கு பாய்ந்து ஓடு உடைப்பது வழமை. ஆகவே கூரையைத் தொடும் கிளைகளை வெட்டி விடுங்கள். உங்கள் வீட்டு ஓட்டின் அதே வகையில் பத்துப் பன்னிரண்டு ஓடுகளைப் பக்குவமாக எடுத்து வையுங்கள். வேறு தயாரிப்பு ஓடு பொருந்தாமல் போகலாம். தனியாக ஏணியில் ஏற வேண்டாம், கீழே ஒருவர் பிடிக்க வேண்டும்.

தகரமும் கிடுகும்: தகரத்தில் துரு முதலில் ஆணி அடித்த இடத்தில்தான் பிடிக்கும். ஆணி தளர்ந்திருந்தால் இறுக்குங்கள். வாசர் போயிருந்தால் மாற்றுங்கள். குசினி கிடுகால் வேய்ந்ததென்றால் புரட்டாதிக்குள் உக்கிய கிடுகை மாற்றிவிட வேண்டும்.

அத்திவாரம்: கூரைத் தண்ணீர் விழுந்து விழுந்து சுவரோரம் பள்ளம் பறிக்கும். அந்தப் பள்ளத்தில் தேங்கும் தண்ணீர் அத்திவாரத்தின் கீழ் மண்ணைக் கரைக்கும். மண் போட்டு, வெளிப்பக்கமாகச் சரிவு வரும்படி இடித்து, தண்ணீர் விழும் இடத்தில் உடைகல்லைப் பரப்பி விடுங்கள். தண்ணீர் வீதிப் பக்கமோ தோட்டத்துக்கோ ஓட ஒரு சிறு வாய்க்கால் போதும். மண்ணை வெட்டும்போது ஒன்றை மறக்க வேண்டாம். கண்ணிவெடி அகற்றிய காணியிலும் வெடிக்காத பொருட்கள் கிடைத்ததுண்டு. அறியாத இரும்புப் பொருள் எதுவும் தென்பட்டால் தொடாமல், பிள்ளைகளை அப்புறப்படுத்தி, அடையாளம் வைத்துக் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

சுவர் வெடிப்பு: எல்லா வெடிப்பும் ஆபத்தில்லை. வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். மூன்று மாதம் கழித்துக் கோட்டைத் தாண்டாமல் இருந்தால் சாந்து வைத்து அடைக்கலாம். தாண்டியிருந்தால் அல்லது அகன்றிருந்தால் அனுபவமுள்ள மேசனிடம் காட்டுங்கள்.

கறையான்: சுவரிலோ கதவு நிலையிலோ மண் கோடு தெரிந்தால் உடனே உடைத்து, எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். விறகையும் பலகையையும் சுவரோடு சாத்தி அடுக்க வேண்டாம். ஒரு முழம் தள்ளி, கல்லின் மேல் அடுக்குங்கள்.

கிணறும் பம்பும்: கிணற்றைச் சுற்றியுள்ள சீமெந்துத் தளம் வெடித்திருந்தால் அழுக்குத் தண்ணீர் அதனூடாகக் கிணற்றுக்குள் இறங்கும். தண்ணீர் குறையும் ஆடி, ஆவணியில் அடைத்து விடுங்கள். பம்பு ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் இழுக்கிறதென்றால் அடியிலுள்ள புட்வால்வில் ஒழுக்கு இருக்கக்கூடும். அது சின்னச் செலவு. கவனிக்காமல் விட்டு, தண்ணீரின்றி மோட்டர் ஓடினால் எரிந்துவிடும். வெள்ளம் கிணற்றில் கலந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனைப்படி குளோரின் இட்ட பிறகே குடிக்கப் பயன்படுத்துங்கள்.

மலசலகூடம்: குழி மூடியில் வெடிப்பு இருந்தால் மழைத் தண்ணீர் இறங்கிக் குழி நிரம்பும். சாந்தால் அடையுங்கள். காற்றுக் குழாயின் வாயில் நுளம்பு வலை கட்டுங்கள். பிளாஸ்ரிக், துணி எதையும் உள்ளே போட விடாதீர்கள்.

மின்சாரம்: ட்ரிப் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். மின் துண்டிக்கப்பட வேண்டும். துண்டிக்காவிட்டால் அது உயிரைக் காக்காது, உடனே மின்னியலாளரை அழையுங்கள். மின்வேலையை நீங்களே செய்ய முற்பட வேண்டாம்.

பீலி: பீலியில் குப்பை அடைத்தால் தண்ணீர் சுவரில் வழியும். தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும். மாரியில் கிழமைக்கு ஒருமுறை துப்புரவாக்குங்கள்.

காசுக்கும் ஆளுக்கும் என்ன வழி?

இரண்டு ஓடு மாற்ற மேசன் வரமாட்டார் என்று பலர் குறைப்படுகிறார்கள். அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. அரைநாள் வேலைக்கு முழுநாள் போய்விடும். ஆகவே அயலில் ஐந்து வீட்டுக்காரர் சேர்ந்து, ஒவ்வொருவர் வீட்டுச் சின்ன வேலைகளையும் எழுதி, ஒரே நாளில் அவரைக் கூப்பிடுங்கள். கூலியைப் பகிரலாம். ஒரு பை சீமெந்தையும் பகிரலாம். மீதிச் சீமெந்து கட்டிபட்டு வீணாகாது. ஏணி, மண்வெட்டி, சாந்தகப்பை போன்றவற்றை மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பொதுவாக வாங்கி வைக்கலாமா என்று அடுத்த கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.

சேமிப்புக்கு ஒரு பேணி போதும். நாளுக்கு 20 ரூபா போட்டால் மாதம் 600 ரூபா, வருடத்தில் 7,200 ரூபா. இந்தப் பேணி வீட்டுக்கு மட்டும். கலியாணம், சாமத்தியச் சடங்கு என்று எது வந்தாலும் இதில் கை வைக்க வேண்டாம். ஒரு நாள் போட முடியாவிட்டால் மனம் தளர வேண்டாம், அடுத்த நாள் தொடருங்கள்.

ஆண்டு ஒழுங்கு

மாசி, பங்குனி: மாரியில் எங்கே ஒழுகியது, எங்கே தண்ணீர் தேங்கியது என்பது மறக்குமுன் கொப்பியில் எழுதுங்கள்.

சித்திரை முதல் ஆனி வரை: மரம் காய்ந்திருக்கும். கதவு, யன்னல், கறையான் வேலைகளை முடியுங்கள். இரும்புக்குப் பெயின்ற் பூசுங்கள். கடற்காற்றில் துரு விரைவாகப் பிடிக்கும்.

ஆடி, ஆவணி: கிணறு, மலசலகூடம்.

புரட்டாதி: கூரை, பீலி, வாய்க்கால். இந்த மாதத்தைத் தவற விடாதீர்கள்.

ஐப்பசி முதல் மார்கழி வரை: கிழமைக்கு ஒருமுறை சுற்றிப் பார்த்தல்.

பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொப்பியில் எழுதுவதை மூத்த பிள்ளையிடம் கொடுக்கலாம். ஆண்பிள்ளைக்கு மட்டும் உரிய வேலை என்று எதுவும் இதில் இல்லை. வீட்டைக் கட்டுவித்த கைகளுக்கு அதைக் காப்பது பெரிய காரியமில்லை.

2018 டிசெம்பரில் முல்லைத்தீவையும் கிளிநொச்சியையும் மூடிய வெள்ளத்தையும், 2020 டிசெம்பரில் வந்த புரெவிப் புயலையும் நாங்கள் பார்த்தோம். அவற்றை நிறுத்த எங்களால் முடியாது. ஆனால் வழமையான மாரி மழைக்கு ஒழுகாத கூரையும், தண்ணீர் தேங்காத முற்றமும் எங்கள் கைக்கு எட்டியவை. இந்தக் கிழமையே ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வீட்டை ஒருதரம் சுற்றி வாருங்கள். கண்டதை எழுதுங்கள். அதில் மிகச் சின்ன வேலையை முதலில் முடியுங்கள்.