கதைக்குக் காசு கொடுக்காதீர்கள்!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெரம்பூரில் ஒரு பெரியவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். சட்டைப் பையில் பணம். கூடவே, கிடார் ரிப்பேர் செய்யும் என் கல்லூரி நண்பன். எனக்கு வயது 54. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கிடார் வாங்கப் போகிறேன்!

“பரண்ல ஒரு ஹார்மோனியம் இருக்கே, ஞாபகம் இருக்கா?” என்று கேட்டுத்தான் வீட்டுக்காரம்மா வழியனுப்பி வைத்தார்.

ஆசை இன்று நேற்று வந்ததில்லை. 1982-ல் ‘பயணங்கள் முடிவதில்லை’ வந்தபோது எனக்கு 11 வயது. ரேடியோவில் ‘இளைய நிலா’ பாட்டைப் போட்டால், தொடக்கத்தில் வரும் அந்தக் கிடாருக்காகவே ஓடி வருவேன். கல்லூரியில் சேர்ந்ததும் அப்பாவிடம் கேட்டேன். “முதல்ல ஒரு வேலையில உக்காரு. அப்புறம் எது வேணா வாங்கிக்க” என்றார். உட்கார்ந்தேன். அப்புறம் எழுந்திருக்கவே நேரம் கிடைக்கவில்லை.

பெரியவர் ரயில்வேயில் வேலை பார்த்தவர். பகலில் ஆபீஸ், மாலையில் மெல்லிசைக் குழு. இப்போது முடக்குவாதத்தால் விரல்கள் மடங்கிவிட்டன. “அஞ்சு வருஷமா தொடல தம்பி. பெட்டியைத் திறந்து பார்த்துட்டு மூடிடுவேன்” என்றார். சிங்கப்பூரில் இருந்த அவருடைய அண்ணன் 1975-ல் வாங்கி வந்த யமஹா கிடார் அது. எத்தனை கல்யாணக் கச்சேரி, எத்தனை கோயில் திருவிழா என்று சொல்லிக்கொண்டே போனார். கேட்கக் கேட்க என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

நண்பன் என் முழங்கையில் இடித்தான். “கதைக்குக் காசு கொடுக்காதே. கழுத்துக்குக் கொடு” என்று காதில் கிசுகிசுத்துவிட்டு, கிடாரைக் கையில் எடுத்தான்.

அவன் பார்த்த விதத்தை அப்படியே சொல்கிறேன். பழைய கிடார் வாங்கும் யாருக்கும் உதவும்.

முதலில், சவுண்ட் ஹோலுக்குள் செல்போன் டார்ச் அடித்து லேபிளைப் படித்தான். ‘நிப்பான் காக்கி’ என்று இருந்தது. யமஹா நிறுவனத்தின் பழைய பெயர் அது. 1987-ல்தான் யமஹா என்று மாற்றிக்கொண்டார்கள். ஆக, கிடார் அதற்கு முந்தையது. பெரியவர் சொன்ன வருஷத்தோடு முரண்படவில்லை.

அடுத்தது கழுத்து. தச்சர் பலகையின் நேர் பார்ப்பாரே, அதுபோல ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தான். பிறகு தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் 14-வது ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தினான். ஃப்ரெட் என்றால், வீணையில் மெட்டு என்போமே, அதுதான். நடுவில், ஏழாவது ஃப்ரெட் பக்கம், கம்பிக்குக் கீழே விசிட்டிங் கார்டு பருமனுக்கு இடைவெளி இருந்தால் நல்லது. அதிகம் இருந்தால் கழுத்து வளைந்திருக்கிறது. கழுத்துக்குள் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி இருந்தால், பெரும்பாலும் அதைத் திருகியே சரிசெய்துவிடலாம்.

மூன்றாவது, 12-வது ஃப்ரெட்டில் கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தான். தடித்த கம்பிக்கு இரண்டரை மில்லிமீட்டர் அளவு சௌகரியம். நாலு மில்லிமீட்டரைத் தாண்டினால் புதிதாகக் கற்பவரின் விரல் பாடு திண்டாட்டம். அங்கேயே அழுத்தி மீட்டினால், வெறும் கம்பியின் அதே ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே கேட்க வேண்டும். செல்போனில் இலவச ட்யூனர் செயலி இருந்தால் நீங்களே பார்த்துவிடலாம்.

“இவ்வளவு எதுக்குடா?” என்றேன்.

“ஆறு ஸ்டீல் கம்பியும் சேர்ந்து கிட்டத்தட்ட 70 கிலோ இழுவை. ஒரு ஆள் 50 வருஷமா இந்த மரத்துல தொங்கிட்டிருக்கான்னு வெச்சுக்கோ. எங்கேயாவது விட்டுக் கொடுத்திருக்கும். எங்கேன்னுதான் பார்க்கணும்” என்றான்.

அதற்குள் பெரியவரே குறுக்கிட்டார். “பிரிட்ஜுக்குப் பின்னாடி ஒரு பேப்பர் விட்டுப் பாருங்க. உள்ளே போகும். அதைச் சொல்லாதீங்கன்னு என் பையன் சொன்னான். எனக்கு மனசு வரல.”

காகிதம் உள்ளே போனது. கம்பிகளைத் தாங்கும் கட்டை பின்பக்கம் லேசாகத் தூக்கியிருந்தது. அவர் சொன்ன விலை 15,000 ரூபாய். கட்டையைப் பெயர்த்து, பழைய பசையைச் சுரண்டி, மறுபடி ஒட்டி, ஒரு நாள் முழுக்கக் கிளாம்ப் போட்டு வைக்க வேண்டும், 3,000 ஆகும் என்றான் நண்பன். “அப்ப 12 கொடுங்க” என்றார் பெரியவர். அதற்கு மேல் பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பழையது என்பதாலேயே கிடார் இனிமையாகிவிடாது. அந்த விலைக்குப் புதிதாகவே நல்ல கிடார் கிடைக்கிறது. கழுத்து நேராக இருந்து, பழுது கைக்கடக்கமாக இருந்தால் மட்டுமே பழசு லாபம். நைலான் கம்பிக் கிடார் என்றால் ஸ்டீல் கம்பி மாட்டவே கூடாது. அந்த இழுவையைத் தாங்க அது செய்யப்படவில்லை. நம் கடலோர ஊர்களில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், வாசித்ததும் துணியால் துடைத்துப் பெட்டியில் வையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள், பசை இளகிவிடும்.

கிளம்பும்போது பெரியவர் ஒன்றுதான் கேட்டார். “சுவத்துல அழகுக்கு மாட்டி வெச்சிடாதீங்க தம்பி. வாசிங்க.”

அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சன் 1969-ல் வாங்கிய மார்ட்டின் கிடாருக்கு ‘ட்ரிக்கர்’ என்று பெயர் வைத்து, அரை நூற்றாண்டுக்கும் மேலாக அதோடுதான் மேடையேறினார். பிக் உரசி உரசிப் பலகையில் ஓட்டையே விழுந்துவிட்டது. ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு அதையேதான் வாசித்தார். பெரியவர் கேட்டதும் அதைத்தானே!

தினமும் இருபது நிமிடம் என்று வைத்துக்கொண்டேன். முதல் வாரம் விரல் நுனி எரிந்தது. இரண்டாம் வாரம் தோல் உரிந்தது. மூன்றாம் வாரம் காய்ப்பு காய்த்துவிட்டது. ஜி, சி, டி என்று மூன்று கார்டு பிடிபட்டதும், கிடாரை எடுத்துக்கொண்டு மறுபடி பெரம்பூர் போனேன்.

வாசித்துக் காட்டினேன். ‘டி’ வரும்போதெல்லாம் ஒரு கம்பி கரகரத்தது. அவர் எதுவும் சொல்லாமல் எழுந்து வந்து, மடங்கிய தன் விரலால் என் மோதிர விரலை ஃப்ரெட்டை ஒட்டி ஒரு நூலளவு தள்ளி வைத்தார். மீட்டினேன். கரகரப்பு போய்விட்டது. “ம்... இதான்” என்று கண்ணை மூடிக்கொண்டார். இன்னும் கொஞ்ச நேரம் வாசிக்கச் சொன்னார். தெரிந்தது மூன்று கார்டுதான். அதையே அரை மணி நேரம் வாசித்தேன்.

இப்போது மாதம் ஒரு ஞாயிறு அங்கே போவது என்று ஏற்பாடு.

நேற்று ராத்திரி வாசித்துக்கொண்டிருந்தபோது, வீட்டுக்காரம்மா கதவோரம் வந்து நின்றார். திட்டப் போகிறார் என்று நிறுத்தினேன்.

“அந்த ஹார்மோனியத்தைப் பரண்லேர்ந்து கொஞ்சம் இறக்கிக் கொடுக்கறீங்களா?” என்றார்.