துப்பாக்கிக்கு ஸ்கோப் - ஒரு தப்பான கேள்வி

ஸ்கோப் வாங்குபவர்கள் முதலில் கேட்பது "எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?" என்பதுதான். கனமான வேட்டைத் துப்பாக்கிக்கு அது தப்பான கேள்வி என்பேன். உதையைத் தாங்குமா என்று கேட்க வேண்டும்.

குண்டு முன்னே பாய, துப்பாக்கி பின்னே உதைக்கும். ஸ்கோப்போ இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும் (நியூட்டன்தான், வேறு யார்!). ஸ்கோப்பின் எடை கூடக்கூட அதைப் பிடித்திருக்கும் வளையங்களின் பாடு திண்டாட்டம். எடை குறைந்த, உருப்பெருக்கம் மாறாத ஸ்கோப்பில் உள்ளே அசையும் பாகங்கள் குறைவு, அதுதான் உழைக்கும். கண்ணுக்கும் லென்ஸுக்கும் நாலு அங்குலமாவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் புருவம் கிழியும். வளையத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

கென்னத் ஆண்டர்சன் தன் .405 வின்செஸ்டரோடு ஆட்கொல்லிகளைத் தேடி அலைந்த காலம் போச்சு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும்போது இங்கே பொழுதுபோக்குக்கு வேட்டையாடினால் ஜெயில்தான். "அப்புறம் நமக்கெதுக்கு இந்தப் பேச்சு?" என்கிறீர்களா? குறிபார்த்துப் பழக நம்மாட்கள் வாங்கும் ஸ்பிரிங் ஏர்கன் இதைவிடப் பொல்லாதது. பெண்ணாடத்துத் திருவிழாவில் பலூன் சுடுகிறோமே, அதே வகை. உதை சின்னதுதான். ஆனால் உள்ளே பிஸ்டன் முன்னால் ஓடி மோதி நிற்கும்போது எதிர்ப்பக்கமும் ஒரு குலுக்கல். பின்னுதைக்கு மட்டுமே கட்டிய விலையுயர்ந்த ஸ்கோப்பும் இதில் காலியாகலாம். கடையில் "ஏர்கன்னுக்குத் தாங்குமா?" என்று கேட்டு வாங்குங்கள். மடங்குக் கணக்கெல்லாம் அப்புறம்.