சொல்லாமல் விட்ட வாக்கியம்

உத்தியோகப் பரீட்சைகளில் ஒருவிதக் கேள்வி கேட்கிறார்கள். ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, அதைச் சொன்னவர் வாயால் சொல்லாமல் மனதிற்குள் மெய்யென்று வைத்துக் கொண்டிருப்பது எது என்று கண்டுபிடிக்கச் சொல்லுகிறார்கள். "மழை வரும் போலிருக்கிறது, குடை எடுத்துப் போ" என்றால், குடை மழையைத் தடுக்கும் என்பதே அவர் சொல்லாமல் விட்ட வாக்கியம். மேலுக்குப் பிள்ளை விளையாட்டாகத் தோன்றினாலும், இந்த வித்தை பரீட்சைக் கூடத்தோடு நின்றுவிடக் கூடாது என்பதே நமது அபிப்பிராயம்.

ஏனெனில் மகா பண்டிதர்களும் இதில் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். பிரான்சு தேசத்துப் பால் புரோக்கா என்பவர் மூளையில் பேச்சுக்குரிய பாகத்தை 1861-ல் எடுத்துக் காட்டிய நிபுணர். அவர் மூளைகளை நிறுத்துப் பார்த்து, பெண்களின் மூளை சராசரியில் எடை குறைவு என்றார். அது மெய்தான். ஆனால் அதற்குப் பெண்ணின் உடல் சிறுத்திருப்பது ஒரு காரணமென்று ஒப்புக் கொண்டும், புத்திக் குறைவும் ஒரு காரணமென்று சேர்த்துக் கொண்டார்.

இதில் சொல்லாமல் விட்டது என்ன? எடை கூடினால் புத்தி கூடும் என்பது ஒன்று. அது மெய்யானால், மனிதன் மூளை ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு, யானையின் மூளையோ சுமார் 5 கிலோ. யானையல்லவா நமக்குப் பாடம் சொல்ல வேண்டும்! பெண்ணுக்குப் புத்தி குறைவு என்பது மற்றொன்று. எதை ருசுப்பிக்க வேண்டுமோ அதையே முன்கூட்டி மெய்யென்று வைத்துக் கொண்டால், தராசு எதற்கு?

1879-ல் குஸ்தாவ் லெ போன் என்பவர் இதே எடைக் கணக்கைக் காட்டி, பெண்களுக்கு ஆண்களைப் போன்ற படிப்புக் கூடாதென்று எழுதினார். அந்தத் தேசத்தில் பெண்களுக்குச் சர்க்கார் உயர்தரப் பள்ளிக்கூடங்கள் ஏற்படுத்தச் சட்டம் வந்ததே 1880-ல்தான். பள்ளிக்கூடத்தைப் பூட்டி வைத்துவிட்டு, படிப்பு வராதென்று தீர்ப்புச் சொன்ன யோக்கியதை இது.

தோழர்களே! இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஒன்றுண்டு. மறைந்திருக்கும் வாக்கியத்தை வெளியே இழுத்து, அதன் பக்கத்தில் "அல்ல" என்று போட்டுப் பாருங்கள். முடிவு அசையாமல் நின்றால் நீங்கள் பிடித்தது அதன் தூணல்ல. முடிவு சரிந்தால், அதுதான் தூண். அதற்கு ருசு எங்கே என்று கேளுங்கள்.

"கட்டிக் கொடுக்கப் போகிற பெண்ணுக்கு மேல்படிப்பு எதற்கு?" என்று வீட்டில் பேச்சு வரும்போது கேளுங்கள். படிப்பென்பது பிறந்த வீட்டுக்குச் சம்பாதித்துக் கொட்ட மாத்திரம்தானா? நாம் இங்கு எழுதியிருப்பதையும் அப்படியே சோதியுங்கள். நிற்காவிட்டால் தள்ளிவிடுங்கள்.