மக்கு என்று முத்திரை குத்துவது யார்?

தாராவியில் எங்கள் சந்தில் ஒரு பையன். அம்மா விடிவதற்கு முன்பே இட்லி அவித்துத் தெருத்தெருவாகச் சுமந்து விற்கிறவர். அப்பாவுக்குக் கட்டட வேலை. நான்காவது வரை தமிழில் படித்தவனை, நல்லது என்று நினைத்து ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றினார்கள். இட்லிக் கணக்கில் மீதிச் சில்லறையை நொடியில் சொல்லிவிடுவான். புத்தகத்தைக் கொடுத்தால் எழுத்துக் கூட்டவே திணறுகிறான். பள்ளியில் பெயர் ‘மக்கு’. வீட்டில் அடி, அடிக்குப் பிறகு மந்திரித்த கயிறு. எட்டாவதோடு நிறுத்திப் பட்டறையில் சேர்த்துவிட அப்பா முடிவு செய்துவிட்டார்.

இப்படி ஒரு பிள்ளையாவது இல்லாத சந்து நம்மவர் குடியிருப்புகளில் உண்டா?

அவன் மக்கு இல்லை. கண் பார்வை குறைவாக இருக்கலாம், காது மந்தமாக இருக்கலாம். அறிவு குறையாமலே எழுத்து மட்டும் பிடிபடாத கற்றல் குறைபாடாகவும் இருக்கலாம். இதைக் கண்டறிய வழியே இல்லையா? இருக்கிறது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை உள்ளவர்களைப் பரிசோதிக்க மத்திய அரசு 2013இல் ஒரு திட்டம் தொடங்கியது. தொடங்கிய இடமே நமக்குப் பக்கத்திலுள்ள பால்கர்தான். அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கொரு முறை மருத்துவக் குழு வர வேண்டும் என்பது ஏற்பாடு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ கற்றல் குறைபாட்டையும் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்தது. அதை இளம் வயதிலேயே கண்டறிய வேண்டும், தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுத ஆளும் தர வேண்டும், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கும் அளிக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலமும் மராத்தியும் என்று நான்கு மொழிக்கு நடுவே திண்டாடும் நம் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய காரியம்!

ஆனால் வாசலிலேயே மொழி வந்து மறிக்கிறது. பள்ளியில் பரிசோதித்துக் கொடுக்கும் சீட்டைப் படிக்கத் தெரியாமல் தாய் அதை அரிசி டப்பாவுக்குள் வைத்துவிடுகிறாள். ஆஸ்பத்திரிக்குப் போனால், பிள்ளை எப்போது பேசத் தொடங்கினான், எப்போது நடந்தான் என்று கேட்கிறார்கள். அரைகுறை இந்தியில் அவள் என்ன சொல்வாள்? இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. சரியாகக் கற்றுக்கொள்ளாத மொழியில் சோதித்தால், மொழி தெரியாததைக் குறைபாடு என்பார்கள். உண்மையான குறைபாட்டை, மொழி தெரியாததுதான் காரணம் என்று தள்ளிவிடுவார்கள். இரண்டிலும் நஷ்டம் பிள்ளைக்குத்தான். தாய்மொழியிலும் சோதிக்க வேண்டும் என்பதற்காகவே மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015இல் ஒரு சோதனை முறையை வெளியிட்டது. முதலில் வந்தவை இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம். தமிழ் அந்த நான்கில் இல்லை.

தேர்தல் வந்தால் தாராவிக்குத் தமிழில் துண்டுப் பிரசுரம் அடிக்கத் தெரிந்த கட்சிகளுக்கு, மருத்துவச் சீட்டைத் தமிழில் அடிக்கச் சொல்லத் தெரியாதா? தமிழ் தெரிந்த ஓர் ஆலோசகரை, ஒரு சிறப்பாசிரியரை நியமிக்கச் சொல்லி மாநகராட்சியில் வாய் திறக்க முடியாதா? நாம் சலுகை கேட்கவில்லை. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலங்கள் முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவே சொல்கிறது. கல்வி தாய்மொழியில் என்றால் சோதனை மட்டும் ஏன் வேறு மொழியில்?

நம் சங்கங்களையும் சொல்லத்தான் வேண்டும். பொங்கல் விழாவுக்குப் பந்தல் போட ஐம்பது பேர் வருகிறோம். ஒரு தாயோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பேச்சை மொழிபெயர்க்க ஒருவர் வருவதில்லை. 2019இல் கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தி, 5, 8 வகுப்புகளில் தேறாதவர்களை நிறுத்தி வைக்கலாம் என்று மாநிலங்களுக்கு அதிகாரம் கொடுத்துவிட்டார்கள். தாமதித்தால் பட்டறை வாசல்தான்.

பெற்றோரே, பள்ளிச் சீட்டு வந்தால் சங்கத்துக்கு எடுத்து வாருங்கள். பிள்ளை சாப்பிடாமல், பேசாமல், பள்ளிக்குப் போக அழுதால் 14416க்குப் போன் செய்யுங்கள். அரசின் மனநல ஆலோசனை அது, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

எங்கள் சந்துப் பையனை அடுத்த மாதம் சோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா அன்று இட்லி போடப் போவதில்லை. துணைக்கு நான் போகிறேன்.