பழைய தோல் பை

புதிய கைப்பை வாங்குவதற்குப் பணம் இருந்தால் போதும். பழைய கைப்பை வாங்குவதற்கோ பணத்தோடு கண்ணும், மூக்கும், கொஞ்சம் பொறுமையும் வேண்டும். இந்த மூன்றும் நம் வீட்டுப் பெண்மணிகளிடம் தாராளமாக உண்டு என்பது அவர்கள் கத்தரிக்காய் பொறுக்கும் அழகிலேயே தெரியும். ஆகையால் இந்த வாரம் பழைய தோல் பையைப் பற்றிச் சில விஷயங்கள் சொல்லலாமென்று உத்தேசம்.

சென்னையில் 1985-ஆம் வருஷத்துத் தீ விபத்து வரையில் மூர் மார்க்கெட் இருந்தது. பழைய சாமான் என்றால் ஜனங்கள் அங்கேதான் போவார்கள். இன்று பழைய சாமான் கடை கைபேசிக்குள்ளேயே வந்துவிட்டது. படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பினால் பை வீடு தேடி வருகிறது. படத்தில் மினுமினுத்த பை நேரில் வரும்போது மழைக்காலத்துப் பரண் வாசனையோடு வந்து சேருகிறது. இன்னும் சிலருக்கு மாமியாரோ, அத்தையோ இருபது வருஷம் சுமந்த பை அலமாரி மூலையிலிருந்து கிடைக்கிறது. எப்படிக் கிடைத்தாலும், அதைச் சீராக்குவதா, தூக்கி எறிவதா என்பதுதான் கேள்வி.

எறிவதற்கு முன்பு ஒன்றை யோசிக்க வேண்டும். தோல் சும்மா வரும் வஸ்து அல்ல. அது மாட்டிடமிருந்தும் ஆட்டிடமிருந்தும் மட்டும் வருவதில்லை; ஆற்றிலிருந்தும் வருகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை முதலிய ஊர்களில் தோல் பதனிட்ட கழிவு நீர் பாலாற்றையும், அதன் கரையிலிருந்த கிணறுகளையும், வயல்களையும் எப்படிக் கெடுத்தது என்பது கோர்ட்டு வரையில் போன கதை. 1996-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு அது பற்றிப் பிரசித்தமான தீர்ப்பு ஒன்றை அளித்தது. நீரைக் கெடுத்தவர்களே நஷ்டத்தைச் சரிக்கட்ட வேண்டும் என்பது அத்தீர்ப்பில் கண்ட முக்கியமான தத்துவம். அவ்வளவு விலை கொடுத்து உண்டான தோலை, ஒரு தையல் விட்டதற்காகவும், ஓரம் வெளுத்ததற்காகவும் குப்பையில் போடுவது சிக்கனக் குறைவு மட்டும் அல்ல. ஆற்றுக்கும் ஊருக்கும் செய்யும் அநியாயமுமாகும்.

முதலில் செய்ய வேண்டியது, கையிலிருப்பது தோல்தானா என்று பார்ப்பது. பையின் உட்புறத்தில், வெட்டு விளிம்பு எங்கேயாவது தெரிகிறதா என்று கவனியுங்கள். நார் நாராகப் பிரிந்து தெரிந்தால் தோல். அடியில் நெய்த துணியும் மேலே மெல்லிய ஏடும் தெரிந்தால் அது ரெக்ஸின் வகை. ரெக்ஸின் பை உரிய ஆரம்பித்துவிட்டால் அதற்கு வைத்தியம் கிடையாது. உரிந்த முகத்துக்கு எத்தனை தைலம் பூசினாலும் மறு நாள் உங்கள் புடவையில் கருப்புச் செதில்தான் ஒட்டிக் கொண்டிருக்கும்.

தோல்தான் என்று நிச்சயமானால், அடிப்பாகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தண்ணீர் முத்துப்போல் நின்றால், தோலுக்கு மேலே வர்ணப் பூச்சு இருக்கிறது. சுத்தம் செய்வது சுலபம். சொட்டு உள்ளே போய் அந்த இடம் கறுத்தால், அது பூச்சில்லாத தோல். அதனிடம் ஈரத் துணியைக் கொண்டு போகும்போது பயபக்தியோடு போக வேண்டும். வெல்வெட்டைப் போல் மயிர் எழும்பிய ஸ்வேட் தோலாயிருந்தால் ஈரமும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். மிருதுவான பிரஷ் ஒன்றே போதும்.

இனி வாசனை விஷயம். பையைக் காலி செய்து, உட்துணியை வெளியே இழுத்து, மூலைகளில் தங்கிய தூசியையும், பழைய டிக்கட்டுத் துண்டுகளையும் பிரஷினால் தட்டி எடுங்கள். சமையல் சோடாவையோ அடுப்புக் கரியையோ மெல்லிய துணியில் முடிந்து, பைக்குள் வைத்து நாலைந்து நாள் மூடிவைத்தால் முடை நாற்றம் பெரும்பாலும் போய்விடும். சோடாவைத் தோலின் மேல் நேராகத் தூவக் கூடாது. ரச கற்பூர உருண்டையும் வேண்டாம். ஒரு நாற்றத்தை ஓட்டுவதற்கு இன்னொரு நாற்றத்தைக் குடியேற்றுவதாக முடியும்.

வெள்ளையாகவோ பச்சையாகவோ பூஞ்சணம் பூத்திருந்தால் பையை முற்றத்துக்கோ மாடிக்கோ எடுத்துப் போய், மூக்கில் துணி கட்டிக் கொண்டு, உலர்ந்த பிரஷினால் துடைக்க வேண்டும். வீட்டுக்குள் தட்டினால் அதன் வித்து மற்றச் செருப்புகளிலும் பெட்டிகளிலும் போய் உட்காரும். பிறகு ஸ்பிரிட்டும் தண்ணீரும் சம பாகமாகக் கலந்து, பிழிந்த துணியினால் லேசாக ஒற்றலாம். ஸ்பிரிட்டு சில பூச்சுகளைக் கரைத்துவிடும். ஆகையால் மறைவான இடத்தில் முதலில் பரீட்சை செய்வது அவசியம். பிரஷ் செய்த துணியையும் உடனே வெந்நீரில் போட்டுவிடுங்கள்.

சுத்தம் செய்வதில் நம்மவர்கள் செய்யும் பெரிய கெடுதல், துணி சோப்பைப் போட்டுத் தேய்ப்பதுதான். இதற்குக் காரணம் ரஸாயனம். அமிலமும் காரமும் அளக்கும் பி.எச். கணக்கில் 7 என்பது நடுநிலை. பதனிட்ட தோல் சாதாரணமாக 5-க்கும் கீழே, சற்றே புளிப்புத் தன்மையோடு இருக்கும். துணி சோப்போ 9, 10 என்று காரத்தில் நிற்கும். புளிப்பில் பழகிய தோலைக் காரத்தில் ஊறவைத்தால், தோலுக்குள் பதமாக நிற்கும் சரக்குகள் இளகி, தோல் விறைத்து, வெடிக்கத் தொடங்கும். சமையல் சோடாக் கரைசலும் இதே குணமுடையதுதான்.

ஆகவே, குழந்தைகளுக்கு உபயோகிக்கும் மிருதுவான, காரமில்லாத திரவ சோப்பு இரண்டு சொட்டு, ஒரு கிண்ணம் தண்ணீர், வெள்ளைப் பருத்தித் துணி ஆகியவை போதும். சோப்பு நீரை அடித்து, நுரையை மட்டும் துணியில் எடுங்கள். அழுக்கு உள்ள இடத்தை மட்டும் துடைத்தால், ஈரம் நின்ற எல்லையில் கறை ஒன்று கோடாகப் படியும். ஒரு தையலிலிருந்து அடுத்த தையல் வரையில் முழுத் துண்டையும் ஒரே சீராகத் துடைக்க வேண்டும். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியினால் சோப்பை எடுத்துவிட்டு, நிழலில், மின்விசிறியின் கீழ், ஒரு நாள் முழுதும் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் தோல் அப்பளமாகிவிடும்.

எண்ணெய்க் கறை புதிதாயிருந்தால் நீர் படுவதற்கு முன்பே முகப்பவுடரையோ சுண்ணக்கட்டித் தூளையோ தூவி, ஒரு இரவு விட்டுத் துடைத்தால் பாதிக்கு மேல் இழுத்துக் கொள்ளும். பேனா மைக் கறையை மட்டும் தொடாமலிருப்பது விவேகம். மையைக் கரைக்கும் மருந்து வர்ணத்தையும் கரைக்கும். சிறு நீலக் கோடு இருந்த இடத்தில் பெரிய வெள்ளை வட்டம் உண்டாகும்.

அடுத்தபடியாக எண்ணெய் பூசும் சமாசாரம். "தோல் காய்ந்திருக்கிறது, தேங்காய் எண்ணெய் தடவு" என்று சொல்லாத பாட்டி இல்லை. பதனிடும் இடத்திலேயே தோலுக்கு வேண்டிய கொழுப்பை ஊட்டித்தான் அனுப்புகிறார்கள். ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றில் பதனிட்ட தோலும், குரோமிய உப்பில் பதனிட்ட தோலும் இவ்விஷயத்தில் ஒன்றுதான். குரோமிய முறைக்கு ஷுல்ட்ஸ் என்பவர் அமெரிக்காவில் 1884-இல் உரிமை பெற்றார். இன்று நம் கைக்கு வரும் பைகளில் பெரும்பாலானவை இந்தக் குரோமியத் தோல்தான். சென்னைக்குத் தெற்கேயுள்ள குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததும் அங்கிருந்த குரோம் தோல் கம்பெனியினால்தான். இப்படிப்பட்ட தோலின் மேல் தாவர எண்ணெயைத் தடவினால் நிறம் கறுக்கும், தூசி ஒட்டும், நாளடைவில் சிக்கு நாற்றம் எடுக்கும். பூஞ்சணத்துக்கும் விருந்து வைத்தாற்போல் ஆகும்.

வேண்டுமானால், லானோலினும் தேன்மெழுகும் சேர்ந்த, தோலுக்கென்றே விற்கும் களிம்பை மிளகளவு எடுத்து, துணியில் தேய்த்துப் பரப்பி, மெல்லியதாகத் தடவுங்கள். மறு நாள் உலர்ந்த துணியால் மெருகிடுங்கள். வருஷத்துக்கு ஓரிரு தடவை போதுமானது. அஜீரணம் மனிதருக்கு மட்டும் உரியதல்ல.

மூலைகளிலும் பிடியிலும் நிறம் போயிருந்தால், பூட்ஸ் பாலிஷை எடுத்துப் பூசலாமே என்று தோன்றும். பூட்ஸ் காலோடு போகும். பை இடுப்போடு உராயும். வெள்ளைப் புடவையில் பழுப்பு இலச்சினை குத்திக் கொண்டு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருக்கும். தோலுக்கென்று தண்ணீரில் கரையும் வர்ணங்கள் கிடைக்கின்றன. பழைய மெழுகை ஸ்பிரிட்டினால் துடைத்தெடுத்து, ஸ்பாஞ்சினால் மிக மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தடவை ஒற்றி, ஒவ்வொன்றையும் உலரவிட்டு, கடைசியில் அதற்குரிய மேல் பூச்சைக் கொடுத்தால் நிறம் ஒட்டாது. விலை உயர்ந்த, பெயர்பெற்ற பைக்கு மட்டும் வீட்டில் வர்ணம் பூச வேண்டாம். மறுபடியும் விற்க நேர்ந்தால் மதிப்புக் குறையும்.

பித்தளைக் கொக்கிகளின் இடுக்கில் பச்சையாக மெழுகு போன்ற களிம்பு சேர்ந்திருக்கலாம். பித்தளையிலுள்ள செம்பும் தோலிலுள்ள கொழுப்பும் கூடிச் செய்யும் வேலை இது. அதிகமாக எண்ணெய் தடவியவர்கள் பையில் இது அதிகமாகக் காணும். மூங்கில் குச்சியால் சுரண்டி எடுங்கள். புளி போட்டுத் தேய்க்கும் ஆசை வந்தால் அடக்கிக் கொள்ளுங்கள். புளிநீர் தையலுக்குள் இறங்கித் தோலைக் கறையாக்கும். தங்க நிறமாய்ப் பளபளப்பது அநேகமாக முலாம்தான். தேய்க்கத் தேய்க்கத் தங்கம் போய் அடியிலுள்ள உலோகம் சிரிக்கும். ஜிப் ஓடாவிட்டால் மெழுகுவர்த்தித் துண்டை அதன் பல்லில் தேய்த்தால் ஓடும்.

தோலின் மேற்பரப்பே செங்கற்பொடிபோல் சிவப்பாக உதிர்ந்தால், அது பழைய பட்டைத் தோலுக்கு வரும் அழுகல். அதை மீட்க முடியாது. எண்ணெய் விட்டால் சேறாகும். ஞாபகார்த்தமாக வைத்துக் கொள்வதாயின் துணியில் சுற்றி வைப்பதே சரி.

சீரான பையைப் பாதுகாப்பது கடைசிப் பாடம். அச்சிட்ட காகிதத்தின் மை ஒட்டிக் கொள்ளும். வெள்ளைக் காகிதத்தைப் பந்தாக்கி உள்ளே அடைத்து, பழைய பருத்தித் துணிப் பையில் போட்டு, நிற்கவைத்து வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் மூடினால் ஈரம் வெளியேற வழி இல்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வாரம் ஒரு தடவை வெளியே எடுத்துக் காற்றாட விடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு, பிரிந்த தையலும் அறுந்த வாரும் எஞ்சும். இதற்கு நம் தெரு முனையில், மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் தோல் தொழிலாளியைவிடச் சிறந்த நிபுணர் இல்லை. மெழுகு தடவிய நூலைக் குத்தூசியில் கோத்து, பழைய துளைகளின் வழியாகவே அவர் இழுக்கும் தையல், மிஷின் தையலைவிட நாள்பட்டு உழைக்கும். புதுத் துளை போட்டால் தோல் தபால் தலையைப் போல் கிழியும் என்று அவருக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

தோலைத் தொடுவதா என்று முகம் சுளிக்கிறவர்கள் இன்னும் சில வீடுகளில் உண்டு. கச்சேரியில் மிருதங்கத்துக்குத் தலையாட்டுகிற நமக்கு, அந்தத் தோலைப் பக்குவம் செய்து வார் இழுத்துக் கட்டிய கையின் ஞாபகம் வருவதில்லை. அந்தக் கையை நாம் பல தலைமுறைகளாக ஊருக்கு வெளியே நிறுத்தினோம். நாமே ஒரு பையை மடியில் வைத்துத் துடைத்து, உலர்த்தி, மெருகேற்றிப் பார்த்தால், அந்த வேலையில் எத்தனை அறிவும் பக்குவமும் வேண்டும் என்பது விரலுக்குத் தெரிந்துவிடும்.

அப்படித் தெரிந்த பிறகு, ஆயிரக் கணக்கில் விலை சொன்ன கடைக்காரரிடம் வாய் திறவாத நாம், தையலுக்கு ஐம்பது ரூபாய் கேட்கிற மரத்தடித் தொழிலாளியிடம் முப்பதுக்குப் பேரம் பேசலாகாது. பையை அவரிடம் கொடுக்கும்போது தரையில் போடாமல் கையில் கொடுங்கள். கேட்ட கூலியைக் கையிலேயே கொடுங்கள்.