தேய்ந்து காக்கும் உலோகம்

தூத்துக்குடி என்றதும் முத்தும் உப்பும் நினைவுக்கு வரும், வ. உ. சிதம்பரனாரின் கப்பலும் வரும். 1906-இல் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 'காலியா', 'லாவோ' என்ற இரு கப்பல்களையும் பிறரிடமிருந்து வாங்க வேண்டியிருந்தது. கொடி நம்முடையது, இயந்திரம் பிறருடையது.

இயந்திரத்தின் சுழலும் தண்டைத் தாங்குவது பேரிங். 1839-இல் அமெரிக்கரான ஐசக் பாபிட் இதற்கென ஒரு கலவை கண்டார். அதில் பெரும்பகுதி வெள்ளீயம். சிறிதளவு ஆன்டிமனியும் செம்பும் சேரும். மென்மையே அதன் பெருமை. எண்ணெயில் வரும் தூசியைத் தன்னுள் புதைத்துக்கொள்ளும். எண்ணெய் வற்றினால் தான் உருகித் தண்டைக் காக்கும். தொடக்ககால மோட்டார் இயந்திரங்களில் அதை உருக்கி வார்த்து, தொழிலாளி கையாலேயே சுரண்டித் தண்டுக்கு இசைவாக்குவார்.

டீசல் இயந்திரம் வந்தது, பளு கூடியது. முன்பு பெருமையாயிருந்த மென்மை குறையாயிற்று. கலவை வெடித்துப் பெயர்ந்தது. எஃகுப் பட்டைமேல் செம்பும் ஈயமும் கலந்து பூசினார்கள். அது பளுவைத் தாங்கியது. ஆனால் கடினமாகையால் தண்டைக் கீறியது, எண்ணெயில் ஊறும் அமிலம் ஈயத்தை அரித்தது. எனவே அதன்மேல் மெல்லிய மென்பூச்சு ஒன்று ஏறியது. பின்னர் அலுமினியமும் வெள்ளீயமும் சேர்ந்த கலவை வந்தது. ஒரு குறையைத் தீர்த்தால் மறு குறை முளைக்கும். அதையும் தீர்ப்பதே தொழில் வளர்ச்சி.

தமிழகமும் பின்தங்கிவிடவில்லை. பைமெட்டல் பேரிங்ஸ் நிறுவனம் 1961-இல் இங்கே தோன்றியது. சிதம்பரனார் கண்ட கனவில் இதுவும் ஒரு பகுதியே.

ஆனால் நல்ல பேரிங் கிடைத்தால் மட்டும் போதுமா? சாலையில் இயந்திரம் இறுகினால் வண்டியை ஓரங்கட்டலாம். நடுக்கடலில் விசைப்படகு நின்றால் அலைதான் வழிகாட்டி. மலிவென்று போலிச் சாமான் வாங்குவதும், உப்புநீர் கலந்த எண்ணெயை மாற்றாமல் ஓட்டுவதும் உயிரோடு விளையாடுவதாகும். தூத்துக்குடியில் 1977-இல் தொடங்கிய மீன்வளக் கல்லூரி இருக்கிறது, பாலிடெக்னிக்குகளும் உள்ளன. இவை மீன்பிடித் துறைமுகத்துக்கே வந்து, தண்டின் தேய்மானத்தை அளந்து, எண்ணெயைச் சோதித்துத் தரலாகாதா? தடைக்காலத்தில் படகுகள் கரையில் நிற்கும் நாட்களே இதற்கு ஏற்றவை. செலவு சிறிது, பயன் பெரிது.

முத்துக்குளிப்பவர் மேலே கயிறு பிடித்திருப்பவரை நம்பி மூழ்கினார். இன்றைய மீனவர் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய உலோகப் பூச்சை நம்பிக் கடலேறுகிறார். அந்த நம்பிக்கை பொய்க்காமல் காப்பது கரையில் இருப்போர் கடன்.