வைக்கோலைக் கொளுத்திவிட்டு மண்ணைப் பற்றிப் பேசுகிறோம்

மட்டக்களப்பில் வேளாண்மை என்றால் நெல்தான். கத்தரியும் மிளகாயும் தோட்டம். வயல் செய்வதற்கு மட்டுமே வேளாண்மை என்று பெயர். ஆகவே ‘பாதுகாப்பு வேளாண்மை’ பற்றி இங்கே போதிக்க வருபவர்கள் நெல் வயலைப் பற்றித்தான் பேச வேண்டும். நான் செய்தி சேகரிக்கச் சென்ற கருத்தரங்குகளிலோ திரையில் ஓடியவை பெரும்பாலும் பிரேசிலின் சோயாப் பண்ணைகள்.

1972 இல் அந்நாட்டின் பரனா மாநிலத்தில் ஹேர்பர்ட் பார்ட்ஸ் என்ற விவசாயி, மழை தன் மண்ணை அள்ளிச் செல்வதைப் பொறுக்காமல், உழாமலே விதைத்தார். உழவைக் குறை, மண்ணை மூடிவை, பயிரை மாற்று என்ற மூன்று விதிகளோடும் எனக்குச் சண்டையில்லை. ஆனால் பார்ட்ஸ் விதைத்தது தன் சொந்தப் பண்ணையில். படுவான்கரையில் ஒரு போகத்துக்குக் குத்தகை எடுத்து இரண்டு ஏக்கர் செய்பவனிடம் அந்தப் படத்தைக் காட்டி என்ன பயன்?

மாசி மாதத்தில் எழுவான்கரையில் நின்று வாவிக்கு அப்பால் பாருங்கள். வட்டைகளிலிருந்து புகை எழும். நெல்லின் எடைக்கு ஏறத்தாழச் சமமான வைக்கோல் வயலில் மிஞ்சுகிறது. அதில் ஒரு தொன்னில் 5 முதல் 8 கிலோ நைதரசன் உண்டு. தீ வைத்தால் அது அநேகமாக முழுவதும் காற்றோடு போய்விடும். அடுத்த போகத்தில் அதே நைதரசனை யூரியாவாகக் கடன்பட்டு வாங்குகிறோம்.

விவசாயத் திணைக்களம் வைக்கோலை வயலுக்கே திருப்பச் சொல்லி நெடுங்காலமாயிற்று. ‘விவசாயிக்கு அறிவில்லை’ என்று அதிகாரிகள் முடித்துவிடுவார்கள். அது சோம்பேறித்தனமான பதில். முன்பு கதிரைக் கட்டிக் களத்துக்குச் சுமந்து, சூடு வைத்து, மாடு விட்டு மிதித்தார்கள். வைக்கோல் களத்தில் குவிந்தது, மாட்டுக்கு உணவாயிற்று. இப்போது அறுவடை இயந்திரம் அதை வயல் முழுக்க வாரி இறைத்துவிட்டுப் போகிறது. பச்சை வைக்கோலை மண்ணில் புரட்டி உடனே விதைத்தால், அது மக்கும்போது பயிருக்குரிய நைதரசனையே இழுத்துக்கொள்ளும்; சில வாரங்கள் விட வேண்டும். சிறுபோகத் தண்ணீர் திறக்கும் நாளோ நெருங்கி நிற்கும். நெருப்புப் பெட்டி மலிவு.

மண் தேறச் சில ஆண்டுகளாவது பிடிக்கும். அடுத்த போகம் இந்த வயல் தன் கையில் இருக்குமா என்று அறியாதவன் யாருக்காக மண்ணைத் தேற்றுவான்? பிலிப் குணவர்தன கொண்டுவந்த 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகையாளனுக்குப் பிடிமானம் தர முயன்றது. 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்திலும் அந்த நோக்கம் உண்டு. வாய்ப்பேச்சில் முடியும் போகக் குத்தகை இந்தச் சட்டங்களின் கண்ணில் படுவதேயில்லை. கருத்தரங்குகளில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. போடியார்கள் முன்வரிசையில் அமர்ந்திருப்பது காரணமாக இருக்கலாம்.

2021 மே மாதம் கொழும்பிலிருந்து ஒரு வர்த்தமானி வந்தது. இரசாயன உர இறக்குமதிக்குத் தடை. மண்ணைத் தயார்செய்ய ஒரு போகம்கூடத் தராமல் உரத்தைப் பிடுங்கினார்கள். நவம்பரில் தடையைத் தளர்த்தியபோது பெரும்போகம் விதைத்தாயிற்று. விளைச்சல் விழுந்தது. ‘சேதனம்’ என்ற நல்ல சொல் அன்றிலிருந்து வயலில் கேலிச்சொல்லாகிவிட்டது.

சாணத்துக்கு மாடு வேண்டுமே. மாடுகளின் மேய்ச்சல் தரைக்காக மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட உட்கார்ந்தார்கள். இயற்கை உரம் பற்றி நாள்முழுதும் பேசியவர்களில் எத்தனை பேர் அந்தப் பந்தலை எட்டிப் பார்த்தார்கள்?

சிறு விவசாயியால் முடியாது என்று நான் சொல்லவில்லை. காவிரிப் படுகையில், சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தும் பயறும் வீசி விதைப்பது பழைய வழக்கம். உழவில்லை, மண்ணின் மிச்ச ஈரமே போதும். பிரேசிலுக்குப் போக வேண்டாம், தஞ்சாவூருக்குப் போனால் போதும்.

ஒவ்வொரு போகத்துக்கும் ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் நாளையும் விதைப்பு முடியும் நாளையும் தீர்மானிக்கிறார்கள். வைக்கோல் மக்குவதற்கான வாரங்களையும் அங்கேயே கணக்கில் சேர்க்கட்டும். குறைந்தது நான்கு ஆண்டு எழுத்துக் குத்தகை வேண்டும் என்று விவசாய அமைப்புகள் அரசாங்க அதிபரின் முகத்துக்கு நேரே கேட்கட்டும். அந்தக் கூட்டத்துக்கு நான் அழைப்பில்லாமலே வருவேன்.